ஒரே ஓடையில் இரண்டு சுரபுன்னை: அலையாத்தி மரங்களைப் பிரித்தறியப் பழகுவது எப்படி?

பிச்சாவரத்தில் துடுப்புப் படகு ஓடைக்குள் நுழைந்ததும், இரு கரையிலும் வில்லாக வளைந்த வேர்களை ஊன்றி நிற்கும் மரங்களைக் காட்டி, "இதான் சார் சுரபுன்னை" என்பார் படகுக்காரர். சரியான பெயர்தான். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் ரைசோஃபோரா மியூக்ரொனேட்டா, ரைசோஃபோரா அபிகுலேட்டா என்று இரண்டு சிற்றினங்கள் இருக்கின்றன. இரண்டும் கிளையோடு கிளை கோத்து நிற்கும் இடங்களும் உண்டு. போதாததற்கு, இரண்டும் கலந்து பிறந்த கலப்பின மரமும் அதே காட்டில் இருக்கிறது.

தாவரங்களைப் பெயர் சொல்லி அறியப் பழகுபவர்களுக்கு அலையாத்திக் காட்டைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது என்பது என் எண்ணம். மரவகைகள் குறைவு. மண்ணும் உப்பும் ஓதமும் (கடல்நீர் தினமும் ஏறி வற்றுவது) கண்ணெதிரே வேலை செய்கின்றன. எந்த மரம் எங்கே நிற்கிறது என்பதற்குக் காரணத்தைக் கையால் தொட்டே பார்க்கலாம். அதனால் 'சூழலையும் உருவத்தையும் சேர்த்துப் பார்த்து இனம் பிரிப்பது' என்ற பொதுவான பாடத்தை இந்த ஒரு காட்டை வைத்தே சொல்கிறேன். முறை பிடிபட்டுவிட்டால் கீழாநெல்லிக்கும் ஆவாரைக்கும் அவற்றின் பங்காளிச் செடிகளுக்கும் அதையே பயன்படுத்தலாம்.

பழகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இலையைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் வைத்திருக்கும் வரிசை வேறு: இடம், வேர், பூ, காய், கடைசியில் இலை. ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

கிளம்பும் முன்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல், நோட்டு, பென்சில், போன். இவ்வளவு போதும். பேனா வேண்டாம், ஈரம் பட்டால் எழுத்து ஓடிவிடும். லென்ஸைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். சேற்றில் விழுந்த லென்ஸ் திரும்பக் கிடைப்பதில்லை.

பிச்சாவரம் காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் கிளை ஒடிக்கவோ பூப் பறிக்கவோ கூடாது. பழகுவதற்குப் பறிக்க வேண்டிய தேவையும் இல்லை. மரத்திலுள்ள பூவை லென்ஸில் பார்க்கலாம், படகுக்குள் உதிர்ந்ததை எடுத்துப் பிரிக்கலாம். சேற்றில் இறங்கி நடப்பதையும் தவிர்த்துவிடுங்கள். காலடியில் நொறுங்குவது மரத்தின் மூச்சுவேர்.

ஓதம் ஏறும் நேரத்தில் குறுகிய ஓடைகளுக்குள் படகு போகும், பூக்கள் முகத்துக்கு நேரே வரும். வற்றும் நேரத்தில் வேர்களும் மண்ணும் தெரியும். முடிந்தால் இரண்டு வேளையும் போங்கள். ஒருவேளைதான் முடியும் என்றால் வற்றத் தொடங்கும் நேரமே நல்லது.

மரத்தைத் தொடும் முன் இடத்தை எழுதுங்கள்

பெயர் தெரிந்துவிட்டால் மனம் அந்தப் பெயருக்கு ஏற்றபடியே இடத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். அதனால் மரம் எதுவென்று யோசிக்கும் முன்பே ஐந்து விஷயங்களை எழுதிவிடுகிறேன். ஓடை விளிம்பிலிருந்து எத்தனை அடி உள்ளே நிற்கிறது? தரை இளகிய சேறா, கெட்டியான களியா, மணலா? வேரில் சேற்றுக் கறை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது? பக்கத்தில் என்னென்ன நிற்கின்றன? மரம் தானாக முளைத்ததா, நட்டதா?

இவை எதற்கு என்பது பிச்சாவரத்தின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கும் கொள்ளிடக் கழிமுகத்துக்கும் நடுவே, ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் கிடக்கும் காடு இது. ஓடையை ஒட்டிய குறுகிய விளிம்பில் சுரபுன்னை. அதற்குப் பின்னால் அகலமாக அவிசென்னியா, அதாவது நம் ஊர்ப் பேச்சில் கண்டல். இன்னும் மேடான, உப்புப் பூத்த தரையில் உமரிச் செடிகள். படகிலிருந்து பார்க்கிறவர்கள் காடு முழுக்கச் சுரபுன்னைதான் என்று நினைத்துத் திரும்புகிறார்கள். உண்மையில் அவர்கள் பார்த்தது வேலியை மட்டும்தான், தோட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது.

இந்த அடுக்குக்குக் காரணம் உப்பு. சுரபுன்னையின் வேர் நீரை உறிஞ்சும்போதே பெரும்பகுதி உப்பை வெளியிலேயே வடிகட்டி நிறுத்திவிடுகிறது. தினமும் ஓதம் வந்து அலசிவிட்டுப் போகும் விளிம்பில் அது சுகமாக வளர்கிறது. கண்டலும் வேரில் வடிகட்டுகிறது. அதையும் தாண்டி உள்ளே வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியே தள்ளிவிடுகிறது. வெயில் ஏறிய பிறகு கண்டல் இலையின் மேற்பரப்பை லென்ஸில் பாருங்கள், சர்க்கரை தூவியதுபோல உப்புப் படிகங்கள் மின்னும். நீர் தேங்கிக் காய்ந்து உப்பேறும் உள்பகுதிகளை அது பிடித்துக்கொண்டது இந்தத் திறமையால்தான். (சிலர் இலையை நக்கிப் பார்க்கச் சொல்வார்கள். வேண்டாம். பக்கத்திலேயே தில்லை மரம் நிற்கும், அதன் பால் நாக்கையும் கண்ணையும் பதம் பார்த்துவிடும்.)

நட்ட மரமா என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். 1970கள் வரை இந்தக் காட்டில் சுழற்சி முறையில் மரங்களை மொத்தமாக வெட்டினார்கள். நிழல் போனதும் மண் காய்ந்து தாழ்ந்து, தொட்டிபோல் ஆனது. உள்ளே புகுந்த ஓதநீர் வெளியேற வழியில்லாமல் ஆவியாகி, உப்பு ஏறிக்கொண்டே போனது. பிற்பாடு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, அவற்றின் கரைகளில் கண்டலையும் சுரபுன்னையையும் நட்டார்கள். காடு மீண்ட கதை அது, எனக்கு எப்போது நினைத்தாலும் நெகிழ்ச்சி தருவது. ஆனால் இனம் பிரிக்கும் நமக்கு அதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. நட்ட மரம் நிற்கும் இடம் மனிதர் தேர்ந்தது. நேர்கோட்டில், ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் மரங்கள் நின்றால் 'நட்டது' என்று எழுதிவிட்டு, அங்கே சூழல் சாட்சியை ஒதுக்கி வையுங்கள்.

வேர் பேரினத்தைச் சொல்லும்

பேரினம் என்பது நெருங்கிய சிற்றினங்களைச் சேர்த்த குடும்பப் பெயர் மாதிரி; ரைசோஃபோரா என்பது பேரினம், மியூக்ரொனேட்டா சிற்றினம். இது எளிது, சீக்கிரம் முடித்துவிடலாம். தண்டிலிருந்து வில்லாக இறங்கும் ஊன்றுவேர் இருந்தால் ரைசோஃபோரா. தரையில் பென்சில் நட்டுவைத்ததுபோல் நூற்றுக்கணக்கில் மூச்சுவேர்கள் நின்றால் அவிசென்னியா. மடக்கிய முழங்கால்போல் வேர் மேலெழுந்து மீண்டும் புதைந்தால் புரூகீரா.

குழப்பம் வந்தால் பூவின் அடியிலுள்ள புல்லி இதழ்களை எண்ணுங்கள். ரைசோஃபோராவுக்கு நான்கு, செரியாப்ஸ் என்ற இன்னொரு அலையாத்திப் பேரினத்துக்கு ஐந்து, பிச்சாவரத்துப் புரூகீராவுக்கு எட்டு. காம்பை ஒடித்தால் பால் வடிவது தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரமே அதுதான். இதை அடையாளம் தெரிந்துகொள்வது ஒடித்துப் பார்ப்பதற்காக அல்ல, ஒடிக்காமல் விடுவதற்காக.

இரண்டு சுரபுன்னைகள்

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பூங்கொத்து கிளையில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மியூக்ரொனேட்டாவில் இலைகளுக்கு நடுவே, இலைக்கக்கத்திலிருந்து (இலை தண்டோடு சேரும் மூலை) மெல்லிய நீண்ட காம்பு இறங்கும். அது இரண்டாகப் பிரிந்து, மறுபடியும் பிரிந்து, நான்கைந்து பூக்களோ அதற்கும் மேலோ தொங்கும். அபிகுலேட்டாவில் பூக்கள் இலைக்கொத்துக்குக் கீழே, இலை உதிர்ந்து வெறுமையான தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். குட்டையான தடித்த காம்பு, அதன் தலையில் இரண்டே இரண்டு பூக்கள். மொட்டு முதிர்ந்து விரிய நெடுநாள் பிடிப்பதால், பூ மலர்வதற்குள் அதைத் தாங்கிய இலை விழுந்துவிடுகிறது. பூ இடம் மாறவில்லை, இலைதான் போய்விட்டது. இந்தக் காரணத்தோடு நினைவில் வைத்தால் மறக்காது. படகை நிறுத்தாமலே, பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்க உதவும் அடையாளமும் இதுவே.

அடுத்து பூவுக்குள் போகலாம். உதிர்ந்த பூ ஒன்று கிடைத்தால் உள்ளங்கையில் வைத்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கையை மெல்ல மேலே கொண்டுவாருங்கள். நான்கு தடித்த புல்லி இதழ்கள் மஞ்சள் கலந்த வெள்ளையில் விரிந்திருக்கும். அவற்றுக்கு இடையே மெல்லிய நான்கு அல்லி இதழ்கள். அவற்றின் ஓரத்தைக் கவனியுங்கள். பஞ்சு பிரித்ததுபோல் வெள்ளை மயிர் அடர்ந்திருந்தால் மியூக்ரொனேட்டா. மயிரே இல்லாமல் மழமழவென்றிருந்தால் அபிகுலேட்டா. பிறகு மகரந்தத்தாள்களை எண்ணுங்கள். மியூக்ரொனேட்டாவுக்கு எட்டு, அபிகுலேட்டாவுக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு. பூ பழசாகியிருந்தால் இவை உதிர்ந்திருக்கும், அதனால் விரியப்போகும் மொட்டு கிடைத்தால் எண்ணுவது சுலபம். முதல்முறை அந்தப் பஞ்சு ஓரத்தை லென்ஸில் பார்த்த நாளில் நான் படகிலேயே கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அதுவரை பல முறை கடந்துபோன மரம் அது.

அந்தமானில் ரைசோஃபோரா ஸ்டைலோசா என்ற மூன்றாவது சிற்றினமும் உண்டு. அதுவும் மியூக்ரொனேட்டாவும் மற்றபடி அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பூவின் நடுவே நிற்கும் சூல்தண்டு ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கினால் மியூக்ரொனேட்டா, நான்கு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டால் ஸ்டைலோசா. ஸ்கேல் கொண்டுபோகச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

இனி காய். சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய்போல நீண்டு தொங்கும். இதை முளைக்காய் என்று வைத்துக்கொள்வோம். மியூக்ரொனேட்டாவின் முளைக்காய் தடித்து, சொரசொரவென்று, அரை மீட்டரையும் தாண்டி நீளும். அபிகுலேட்டாவினுடையது மெலிந்து, சற்று வழவழப்பாக, பெரும்பாலும் ஓரடிக்குள் நிற்கும். முதிர்ந்த முளைக்காயின் தலைப்பில், காயோடு சேரும் இடத்தில், ஒரு பட்டை தெரியும். மியூக்ரொனேட்டாவில் அது மஞ்சள், அபிகுலேட்டாவில் சிவப்பு. நாற்றங்காலுக்கு முளைக்காய் எடுப்பவர்கள் அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் முற்றியதா என்று முடிவு செய்கிறார்கள்.

ஒரு கண்டிப்பு: மரத்தில் தொங்கும் காயை மட்டுமே கணக்கில் எடுங்கள். மரத்தடியில் சேற்றில் குத்தி நிற்பதையும் நீரில் மிதப்பதையும் நம்பாதீர்கள். மிதந்துபோய் வேறிடத்தில் வேரூன்றுவதற்கென்றே அமைந்த உறுப்பு அது. நீங்கள் பார்க்கும் மரத்தின் காலடியில் கிடப்பது எங்கோ தொலைவில் நிற்கும் மரத்தின் பிள்ளையாக இருக்கலாம்.

சூழல் இந்த இரண்டையும் பிரித்துத் தருமா? ஓரளவுக்கு. ஓடை விளிம்பில், ஆழமாக நனையும் இளகிய சேற்றில் மியூக்ரொனேட்டாவை எதிர்பார்க்கலாம். அபிகுலேட்டா அதற்குச் சற்று உள்ளே தள்ளியும் நிற்கும். ஆனால் இரண்டின் இடங்களும் பெரிதும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. எனவே இந்த ஜோடிக்கு நான் இடத்தைத் துணைச்சாட்சியாக மட்டுமே வைத்துக்கொள்கிறேன், தீர்ப்பைப் பூவிடம் விடுகிறேன்.

அடையாளங்கள் ஒத்துப்போகாதபோது

சில மரங்களில் பூங்காம்பு மியூக்ரொனேட்டாவைவிடக் குட்டை, அபிகுலேட்டாவைவிட நீளம். இரண்டு முதல் நான்கு பூக்கள். இதழோரத்தில் மயிர் இருக்கும், ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக. மகரந்தத்தாளின் எண்ணிக்கையும் எந்தப் பக்கமும் சாயாது. பழகத் தொடங்கியவர்கள் இங்கே 'நான் ஏதோ தப்பாகப் பார்க்கிறேன்' என்று ஒரு பெயரை அடித்துவிட்டு மற்றதை எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் பார்த்தது சரி.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கே. கதிரேசன் இதே பிச்சாவரத்தில் இப்படிப்பட்ட மரங்களைக் கண்டு, 1995இல் ரைசோஃபோரா அண்ணாமலையானா என்று பெயரிட்டு விவரித்தார். முதலில் தனிச் சிற்றினமாகக் கருதப்பட்டது. பிறகு 1997இல் வெளிவந்த டி.என்.ஏ. ஆய்வு, அது அபிகுலேட்டாவும் மியூக்ரொனேட்டாவும் கலந்து பிறந்த கலப்பினம் என்று காட்டியது. அதனால் இன்று பெயரின் நடுவே பெருக்கல் குறி போட்டு எழுதுகிறார்கள். இந்த மரம் நிறையப் பூக்கும், ஆனால் பூக்கள் பெரும்பாலும் காயாகாமல் உதிர்ந்துவிடும். சூழலும் இங்கே ஒரு கேள்வியாக உதவுகிறது: பெற்றோர் இரண்டும் அருகே நிற்கின்றனவா? இரண்டும் இல்லாத இடத்தில் கலப்பினத்தைப் பார்த்ததாகத் தோன்றினால் மறுபடியும் பூவை எண்ணுங்கள்.

ஒரே அடையாளத்தை வைத்துப் பெயர் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பூங்காம்பு, இதழோரம், மகரந்தத்தாள், காய் என்று குறைந்தது மூன்று ஒரே பக்கம் கைகாட்ட வேண்டும்.

இரண்டு கண்டல்கள்

இந்த ஜோடியில் சூழலின் கை ஓங்கியிருக்கிறது. அவிசென்னியா மரைனாவை வெண்கண்டல் என்றும், அவிசென்னியா அஃபிசினாலிஸைக் கருங்கண்டல் என்றும் சொல்வதுண்டு. (ஊருக்கு ஊர் பெயர் மாறும். அந்த ஊரில் எதை எப்படிச் சொல்கிறார்கள் என்று படகுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.) மரைனா கடுமையான உப்பைத் தாங்கும். ஆற்றுநீர் வரத்துக் குறைந்த முத்துப்பேட்டைக் காட்டில் எங்கு திரும்பினாலும் அதுதான். அஃபிசினாலிஸ் நல்லநீர் வந்து கலக்கும் இடங்களை விரும்பும். கேரளத்தின் காயல் கரைகளில் அது தாராளமாக வளர்வது அதனால்தான். ஆகவே நீங்கள் உப்புப் பூத்த உள்தரையில் நிற்கிறீர்கள் என்றால் முதல் சந்தேகம் மரைனாவின் மேல் விழட்டும். ஆற்று வாய்க்கால் வந்து சேரும் முனையில் என்றால் அஃபிசினாலிஸையும் தேடுங்கள். உப்பை ஒரே நாள் அளந்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். மார்கழியில் மழைவெள்ளம் ஓடும்போது இருக்கும் உப்பு வேறு, வைகாசியில் இருப்பது வேறு.

சந்தேகத்தை உறுதி செய்வது மறுபடியும் பூ. மரைனாவின் பூ சிறியது, சுமார் அரை சென்டிமீட்டர், நெருக்கமான கொத்தாக, நான்கு இதழும் ஏறத்தாழ ஒரே மாதிரி. அஃபிசினாலிஸின் பூ ஒரு சென்டிமீட்டரையும் தாண்டும். மேலிதழ் மற்றவற்றைவிட அகன்று, சூல்தண்டும் மகரந்தத்தாள்களும் ஒருபக்கமாக வளைந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் லென்ஸே தேவைப்படாது. கோடைப் பக்கம் பூப்பவை இவை, காய்கள் மழைக்காலத்தை ஒட்டி உதிரும். மரைனாவின் காய் வெளிறிய பச்சையில் தட்டையான உருண்டை. அஃபிசினாலிஸின் காய் பெரிது, மேல்தோல் சுருங்கி இதயவடிவில் இருக்கும்.

பூவும் காயும் இல்லாத மாதத்தில் இலை நுனி உதவும். அஃபிசினாலிஸுக்கு மழுங்கிய வட்ட நுனி, அடிப்பக்கம் மஞ்சள் கலந்த பச்சை. மரைனாவுக்குப் பெரும்பாலும் கூர்நுனி, அடிப்பக்கம் வெண்சாம்பல். 'பெரும்பாலும்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

இலை ஏன் கடைசி

ஒரே மரைனா, ஓடைக்கரையில் ஒரு ஆளையும் தாண்டி உயர்ந்து அகன்ற இலை விடும். உப்பேறிய உள்தரையில் இடுப்பளவுப் புதராகக் குறுகி, சின்னஞ்சிறு தடித்த இலைகளோடு நிற்கும். பக்கத்துப் பக்கத்தில் படம் எடுத்துக் காட்டினால் இரண்டு சிற்றினம் என்றே சத்தியம் செய்வீர்கள். இலை சூழலுக்கு வளைந்துகொடுக்கும் உறுப்பு. பூவின் அமைப்பு அவ்வளவு எளிதாக வளைவதில்லை. சூழலைப் படிப்பதற்கு இது இன்னொரு காரணம்: மரம் எங்கே நிற்கும் என்று ஊகிக்க மட்டுமல்ல, எந்த அடையாளத்தைச் சூழல் மாற்றியிருக்கும் என்று கண்டுகொள்ளவும் அது வேண்டும்.

சுரபுன்னையிலும் இதே கதைதான். அபிகுலேட்டாவின் இலை குறுகலானது, அடிப்பக்க நடுநரம்பும் குருத்தை மூடிய செதிலும் அடிக்கடி சிவந்திருக்கும். மியூக்ரொனேட்டாவின் இலை அகன்றது, நுனியில் ஊசிபோல ஒரு முனை துருத்தும். ஆனால் முதிர்ந்த இலையில் ஊசி ஒடிந்திருக்கும், நிழலில் சிவப்பு மங்கும். அதனால் வெயில் பக்கம் ஐந்து, நிழல் பக்கம் ஐந்து என்று பத்து இலைகளையாவது மரத்திலேயே அளந்து, மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் எழுதுங்கள். அழகான ஒரே இலையைத் தேர்ந்து அளந்தால் அது எதையும் சொல்லாது.

பதிவு

ஒரு மரத்துக்கு ஐந்து படம் எடுங்கள்: நிற்கும் இடத்தோடு முழு மரம், வேர், பூங்கொத்து கிளையில் அமர்ந்திருக்கும் விதம், பூவின் உள்பக்கம், ஸ்கேலோடு இலையின் இரு பக்கமும். காய் இருந்தால் ஆறாவது. படத்தைப் பார்த்து மற்றவர்கள் பெயர் சொல்ல உதவும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளத்தில் ஏற்றும்போது பார்ப்பவர்கள் தடுமாறுவது இடமும் பூவும் இல்லாத படங்களில்தான். வெறும் பச்சை இலைப் படத்துக்கு யாராலும் பெயர் சொல்ல முடியாது.

பெயரை எழுதிய பிறகு, முதலில் எழுதிய ஐந்து இடக்குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். பெயரும் இடமும் பொருந்தினால் நல்லது. பொருந்தவில்லை என்றால் இரண்டு வழி உண்டு: நட்ட மரமா என்று பார்க்கலாம், இல்லை பூவை மறுபடி எண்ணலாம். இரண்டுக்குப் பிறகும் தீராவிட்டால் 'ரைசோஃபோரா' என்று பேரினத்தோடு நிறுத்திவிட்டு, ஓடையின் வளைவையும் போன் காட்டும் இடப்புள்ளியையும் குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் அப்படி ஒரு மரம் இருக்கிறது. காம்பு நடுத்தரம், இதழோரத்தில் அரைகுறை மயிர், மகரந்தத்தாள் ஒரு பூவில் பத்து, இன்னொன்றில் பதினொன்று. அடுத்த முறை போகும்போது அதில் ஒரு முளைக்காயாவது தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.